லுவோ சென்யு பேசிய ஏழு எண்கள்

லுவோ சென்யுவின் வாயிலிருந்து எண்களைத் தவிர வேறெதுவும் வராமல் போன நாளில், அதை முதலில் கேட்டவள் படப்பிடிப்பு நகரத்து ஹோட்டல் ஒன்றில் காலை உணவு பரிமாறும் பெண். கஞ்சி வேண்டுமா, நூடுல்ஸ் வேண்டுமா என்று அவள் கேட்டாள், "ஒன்று, இரண்டு, மூன்று, நான்கு" என்று அவன் சொன்னான், பிரபலமானவர்கள் நாளுக்கு ஒரு மாதிரி இருப்பார்கள் என்று அறிந்திருந்த அவள் இரண்டையும் கொண்டுவந்து வைத்துவிட்டு அடுத்த மேசைக்குப் போனாள். அவன் நன்றி சொல்ல வாயைத் திறந்தான். "ஐந்து, ஆறு, ஏழு" என்று வந்தது. ஏழுக்கு மேல் வரவில்லை. மறுபடி முயன்றபோது ஒன்றிலிருந்து தொடங்கியது.

அப்போது அவனுக்கு வயது முப்பத்தொன்று. நாடு முழுவதற்கும் அவன் முகம் தெரியும். பேருந்துகளின் முதுகிலும், தேநீர்ப் புட்டிகளிலும், பள்ளிப் பிள்ளைகளின் பேனாப் பெட்டிகளிலும் அந்த முகம் இருந்தது.

ஹூனான் மாகாணத்தில், யுவான் ஆறு மலையில் முட்டித் திரும்பும் இடத்தில், பைஷி என்ற சிறிய ஊரில் அவன் பிறந்தான். அப்பா லுவோ குவாங்ஹாய் ஊர்ப் பேருந்தின் ஓட்டுநர். அம்மா யூஷியா பேருந்து நிலையத்துக்கு எதிரே அரிசி நூடுல்ஸ் கடை வைத்திருந்தாள். பத்தொன்பது வயதில் மாகாணப் பாட்டுப் போட்டியில் அவன் பாடியபோது, குளிர்காலத்தில் உள்ளங்கையில் சுட்ட சர்க்கரைவள்ளிக் கிழங்கை வைத்தாற்போல இருந்தது அந்தக் குரல் என்று கேட்டவர்கள் சொன்னார்கள். பாட்டு நாடாவாக வந்தது, பிறகு குறுவட்டாக வந்தது, அப்பா அதைப் பேருந்தில் காலை முதல் மாலை வரை ஓடவிட்டார்.

"குவாங்ஹாய் அண்ணே, சந்தை வர்றதுக்குள்ள இதே பாட்டு மூணாவது தடவை. உங்க வீட்டுல வேற பாட்டே கிடையாதா?" என்று மீன் விற்கும் நியெ அக்கா கடைசி இருக்கையிலிருந்து கேட்பாள்.

"வண்டி என்னோடது. காது உன்னோடது. பொத்திக்க."

"மீன் கூட கண்ணை மூடிக்கிச்சு பாருங்க."

"அது செத்த மீன். நீ விக்கிறதெல்லாம் அப்படித்தானே."

பாடுகிறவனுக்கு முகமும் நன்றாக இருந்தால் நடிக்கக் கூப்பிடுவார்கள். இருபத்தாறு வயதில் சென்யுவைக் கூப்பிட்டார்கள். முதல் தொடரில் எல்லா வசனத்தையும் மனப்பாடம் செய்தான், இரண்டாவது தொடரில் பாதியை. நான்காவது தொடர் வந்தபோது ஒரே மாதத்தில் மூன்று அரண்மனைகளில் மூன்று இளவரசர்களாக நின்றுகொண்டிருந்தான். எந்த இளவரசன் யாரைக் காதலிக்கிறான் என்பதே காலையில் உடை மாட்டுகிறவர் சொன்னால்தான் தெரியும். அப்போது அவனை ஒப்பந்தத்தில் வைத்திருந்த நிறுவனத்தின் மேலாளர் அவனுக்கு அந்தத் தொழிலில் பலரும் கையாண்ட வழியைச் சொல்லிக்கொடுத்தார். வசனம் வேண்டாம். ஒன்று முதல் ஏழு வரை சொன்னால் போதும். உதடு அசைந்தால் சரி. பிறகு தலைநகரத்தில் ஒரு சிறிய அறையில் பின்னணிக் குரல் கலைஞர் ஒருவர் உட்கார்ந்து, அந்த உதடுகளுக்குள் வார்த்தைகளை வைத்துவிடுவார்.

அப்படியே நடந்தது. சென்யு ஒன்று இரண்டு மூன்று என்று காதலைச் சொன்னான், நான்கு ஐந்து என்று போருக்குக் கிளம்பினான், ஆறு ஏழு என்று உயிரை விட்டான். அவன் கண்கள் எல்லாவற்றையும் செய்துவிட்டதால் வார்த்தை இல்லாததை யாரும் தேடவில்லை. பெங் தாவ் என்ற மனிதர், சென்யுவை ஒருமுறையும் நேரில் பார்க்காமலே, அவனுக்காகக் காதலித்தார், சபதம் செய்தார், மன்னிப்புக் கேட்டார்.

ஜூன் மாதம் இருபதாம் தேதி பைஷியில் குவாங்ஹாயை அடக்கம் செய்தார்கள். சாவதற்கு முன் அவர் நான்கு நாள் படுக்கையில் கிடந்தார். நான்கு நாளும் மகனைக் கேட்டார். சாவுச் செய்தி மகனுக்குப் போய்ச் சேர்ந்தபோது அவன் வெள்ளை உடை உடுத்தி, காகிதத்தில் செய்த சவப்பெட்டி ஒன்றின் முன்னால், தளபதியின் மகனாக, இறந்த தகப்பனுக்காக அழும் காட்சியில் மண்டியிட்டிருந்தான். "முகம் அப்படியே இருக்கட்டும், அருமையா இருக்கு" என்று இயக்குநர் சொன்னார். இன்னும் எட்டுக் காட்சிகள் பாக்கி, இருநூறு குதிரைகள் வாடகைக்கு நிற்கின்றன என்று மேலாளர் சொன்னார். சென்யு அங்கேயே இருந்தான். சவப்பெட்டியைக் கட்டிக்கொண்டு ஒன்று முதல் ஏழு வரை பலமுறை சொன்னான். ஊருக்கு நிறுவனத்திலிருந்து ஒரு மலர்வளையம் வந்தது. அது வீட்டு வாசலைவிட அகலமாக இருந்ததால் உள்ளே கொண்டுபோக முடியாமல், குவாங்ஹாய் ஓட்டிய பேருந்தின் முன்னால் சாய்த்து வைத்தார்கள்.

அடக்கத்துக்கு அடுத்த நாள் காலையில்தான் கஞ்சியா நூடுல்ஸா என்று அந்தப் பெண் கேட்டது.

இதைத் தொழில்துறை எப்படித் தாங்கிக்கொண்டது என்று கேட்டால், அது ஆறு வருடம் கவனிக்கவே இல்லை என்பதுதான் பதில். படப்பிடிப்பில் அவன் எண்களைச் சொன்னான், எல்லோரும் அப்படித்தானே. மேடையில் பழைய ஒலிப்பதிவு ஓட, அவன் உதட்டை அசைத்தான். பேட்டிகளில் மேலாளர் பதில் சொல்ல, அவன் தலையாட்டினான். ஆழமான மனிதன், அதிகம் பேசமாட்டான் என்று பத்திரிகைகள் எழுதின. மருத்துவர்கள் தொண்டையைப் பார்த்து, ரோஜா இதழ் போல இருக்கிறது என்று சொல்லி அனுப்பினார்கள். அம்மா தொலைபேசியில் அழைத்தால் அவன் எடுத்துக் காதில் வைத்துக்கொண்டு மூச்சு மட்டும் விட்டான். வெட்கப்படுகிறான் போலிருக்கிறது என்று யூஷியா எண்ணிக்கொண்டு, கடையில் என்ன விற்றது, ஆற்றில் எவ்வளவு தண்ணீர் என்று தானாகச் சொல்லிவிட்டு வைத்துவிடுவாள்.

ஆனால் பைஷிக்கு வேறொரு கவலை இருந்தது. அந்த ஊரில் ஒரு வழக்கம் உண்டு. தகப்பனின் அடக்கத்துக்கு வராத மகன், கல்லறை துப்புரவு செய்யும் சிங்மிங் நாளில், கல்லறை முன் நின்று, தான் யார், எங்கே இருந்தேன் என்று தன் வாயால் சொல்லவேண்டும். அதுவரை அந்தக் கல்லறையில் யாரும் சோறு வைக்கக்கூடாது, இறந்தவர் செலவுக்கான காகிதப் பணம் எரிக்கக்கூடாது. இறந்தவர் மறு உலகத்து வாசலிலேயே பசியோடு காத்திருப்பார் என்பது ஊரின் நம்பிக்கை.

முதல் சிங்மிங் நெருங்கியபோது அந்தத் தொடர் தொலைக்காட்சியில் வந்தது. தளபதியின் மகன் சவப்பெட்டியைக் கட்டிக்கொண்டு பேசினான்: "அப்பா, நீங்கள் கூப்பிட்டபோது நான் தூரத்தில் இருந்தேன். தூரம் பெரிதல்ல, நான்தான் சிறியவன். உங்கள் செருப்பு வாசலில் இருக்கிறது. அதை எடுத்து வைக்க எனக்குக் கை வரவில்லை." ஊர் முழுக்க அழுதது. மறுநாள் ஊர்க் கமிட்டி கூடி, மகன் சொல்லிவிட்டான், நாடே கேட்டது, கல்லறை கேட்கவில்லை என்பது மட்டும்தான் குறை என்று தீர்மானித்தது. சிங்மிங் அன்று நான்கு பேர் தொலைக்காட்சிப் பெட்டியை மூங்கிலில் கட்டி மலைக்குத் தூக்கிப் போனார்கள், இன்னும் இரண்டு பேர் ஜெனரேட்டரைத் தூக்கிப் போனார்கள், குவாங்ஹாயின் கல்லறை முன் அந்தக் காட்சியைப் போட்டுக் காட்டினார்கள். பிறகு யூஷியா சோறு வைத்தாள். ஆறு வருடம் இப்படி நடந்தது. அந்த வார்த்தைகள் பைஷியில் ஒவ்வொரு சாவு வீட்டிலும் புழங்கின. நெசவாலைக்காரர் ஒருவர் அவற்றைத் துணியில் அச்சடித்தே விற்றார்.

குரல் மகனுடையதல்ல என்று யூஷியாவுக்குத் தெரியும். பெற்றவளுக்குத் தெரியாதா. ஆனால் வார்த்தைகள் அவனுடையவை, அவன் அங்கே நின்று சொன்னவை, மேலே யாரோ குரலை மட்டும் பூசியிருக்கிறார்கள் என்று அவள் நம்பினாள். அந்த நம்பிக்கையோடு எழுந்து நூடுல்ஸ் அவித்தாள், அந்த நம்பிக்கையோடு படுத்தாள்.

ஆறு வருடத்துக்குப் பிறகு காலம் மாறியது. நடிகர்கள் தங்கள் சொந்தக் குரலில் பேசவேண்டும் என்று பார்வையாளர்கள் கேட்கத் தொடங்கினார்கள். புதிய இயக்குநர் ஒருவர் சென்யுவின் சட்டைக்குள் ஒலிவாங்கியைப் பொருத்தி, பேசுங்கள் என்றார். அவன் பேசினான். ஏழோடு படப்பிடிப்பு நின்றது. அந்தக் குளிர்காலத்திலேயே தேநீர்ப் புட்டிகளில் வேறொரு முகம் வந்துவிட்டது, சென்யு ஒரே ஒரு பெட்டியோடு பைஷிப் பேருந்தில் வந்து இறங்கினான்.

யூஷியா கடைக்குள்ளிருந்து பார்த்தாள். "சாப்பிட்டியா?" என்றாள்.

"மூன்று, நான்கு," என்றான் அவன்.

அவள் சிறிது நேரம் அவன் வாயையே பார்த்துக்கொண்டிருந்தாள். பிறகு ஒரு கிண்ணத்தை எடுத்தாள்.

பைஷி ஊர் அவனை ஏற்றுக்கொள்ள ஒரு வாரம் எடுத்தது. முதல் இரண்டு நாள் லாட்டரிக்காரர்கள் அவன் சொன்ன எண்களைக் குறித்துப் போய் வாங்கிப் பார்த்தார்கள், ஒன்றும் விழவில்லை, விட்டுவிட்டார்கள். பள்ளியின் இசை ஆசிரியை, சீனத்தில் பாட்டின் சுரங்களை ஒன்று முதல் ஏழு வரை எண்களால்தான் எழுதுவது என்பதால், அவன் பின்னாலேயே நடந்து மூன்று பக்கம் எழுதி ஹார்மோனியத்தில் வாசித்துப் பார்த்துவிட்டு, "இதுல பாட்டு இல்லை. பேச்சுதான். என்ன பேச்சுன்னுதான் தெரியலை" என்றாள். பதிவு அலுவலகத்தில் எழுத்தர், பேசும் மொழி என்ற கட்டத்தில் எண்கள் என்று எழுதி முத்திரை குத்தினார். அதற்குப் பிறகு யாருக்கும் அதில் வியப்பு இல்லை. சந்தையில் அவன் ஐந்து என்று சொன்ன விதத்திலேயே மீன் பழசு என்கிறான் என்று நியெ அக்காவுக்குப் புரிந்தது. "அப்பனை உரிச்சு வெச்சிருக்கான்," என்று அவள் எல்லோரும் கேட்கச் சொன்னாள். "அந்த மனுஷனும் என் மீனைக் குறை சொல்லாம ஒரு நாள் இறங்கினதில்லை."

கல்லறைக்கு மட்டும் அவன் போகவில்லை. சிங்மிங் வரட்டும் என்று யூஷியா சொல்லியிருந்தாள். ஏழாவது வருடம் தொலைக்காட்சிப் பெட்டி மட்டும் போனால் போதாது, ஆளே வந்துவிட்டான், அவன் நிற்க, பெட்டி பேச, இரண்டும் சேர்ந்தால் போதும் என்று கமிட்டி யோசித்துக்கொண்டிருந்தது.

சிங்மிங்குக்குப் பத்து நாள் இருக்கும்போது, மூக்குக்கண்ணாடி அணிந்த ஒல்லியான மனிதர் ஒருவர் கடையில் உட்கார்ந்து, "மிளகாய் கொஞ்சம் தூக்கலா போடுங்க அத்தை" என்றார்.

யூஷியாவின் கை நின்றது. ஆறு வருடமாக மலைமேல் கேட்ட குரல் அது.

"நீங்க யாரு?"

"பெங் தாவ். உங்க மகனுக்குக் குரல் கொடுத்தவன். ஒன்பது வருஷம் அவர் வாய்க்குள்ளயே குடியிருந்தேன், ஒரு தடவை ஆளை நேர்ல பார்த்துட்டுப் போகலாம்னு வந்தேன்."

அவள் அவரை உட்காரவைத்து, காசு வாங்காமல் இரண்டாவது கிண்ணமும் வைத்தாள். எதிரே தானும் உட்கார்ந்தாள். "அந்தச் சவப்பெட்டி முன்னால என் மகன் பேசினதை நீங்க நல்லாச் சொன்னீங்க," என்றாள்.

பெங் தாவ் பொய் சொல்லப் பழகாத மனிதர். வேறொருவர் எழுதியதைச் சொல்லியே வாழ்ந்ததால் அந்தப் பழக்கம் தேவைப்படவில்லை. "அவர் அங்க ஒண்ணு ரெண்டு மூணுதான் சொன்னார், அத்தை. எழுதி வெச்ச வசனம் அவர் உதட்டுக்குப் பொருந்தலை, நீளம் கூடிப்போச்சு. அதனால நானே சொல்லிட்டேன். அதுக்கு முந்தின குளிர்காலம் எங்கப்பா போயிட்டார். அந்தச் செருப்பு எங்க வீட்டு வாசல்ல கிடந்தது."

அடுப்பில் தண்ணீர் கொதித்து வழிந்தது. யூஷியா எழுந்து போய் அதை இறக்கிவைத்தாள். கடையின் பின்புறம் பாத்திரம் கழுவிக்கொண்டிருந்த சென்யு எல்லாவற்றையும் கேட்டான். அவள் அவன் பக்கம் திரும்பி, "அப்படின்னா ஆறு வருஷமா உங்கப்பா அடுத்தவன் வார்த்தையில சாப்பிட்டிருக்கார்," என்றாள். "இல்லை, சாப்பிடவே இல்லையோ என்னவோ."

"ஒன்று," என்றான் சென்யு. "ஒன்று, இரண்டு."

"எனக்கு உன்கிட்டேருந்து ஒரு வார்த்தை வேணும். எனக்குன்னு இல்லை. அவருக்கு."

அவன் வாயைத் திறந்தான். ஏழு வரை போயிற்று, நின்றது.

செய்தி மாலைக்குள் ஊர் முழுக்கப் பரவியது. துணியில் அச்சடித்து விற்றவர் மிச்சத் துணியை மடித்துவைத்தார். தங்கள் தகப்பன்களுக்கும் அதே வார்த்தைகளைச் சொல்லி அழுதவர்கள், அது செல்லுமா செல்லாதா என்று ஒருவரை ஒருவர் கேட்டுக்கொண்டார்கள். கடைசியில் நியெ அக்காதான் வழி சொன்னாள். "இதுக்கு ஏன் மண்டையை உடைச்சுக்கிறீங்க? அந்தக் கண்ணாடிக்காரர் இங்கேதான் இருக்கார். சைப்ரஸ் மரத்துக்குப் பின்னால நின்னு அவர் பேசட்டும். இவன் முன்னால உதட்டை அசைக்கட்டும். ஒன்பது வருஷமா அதைத்தானே செஞ்சாங்க."

கமிட்டிக்கு அது சரியாகப் பட்டது. பெங் தாவ் சம்மதித்தார். சென்யுவைக் கேட்டார்கள், அவன் தரையைப் பார்த்தான், அதைச் சம்மதம் என்று எடுத்துக்கொண்டார்கள்.

ஏப்ரல் ஐந்தாம் தேதி காலை ஊரே மலை ஏறியது. கல்லறைகளில் புல் செதுக்கினார்கள், மண் போட்டார்கள், மேலே வெள்ளைத் தாளைக் கல் வைத்துப் பொருத்தினார்கள். குவாங்ஹாயின் கல்லறை முன் சென்யு மண்டியிட்டான். யூஷியா கையில் மூடிய தூக்குப் பாத்திரத்தோடு பக்கத்தில் நின்றாள். மரத்துக்குப் பின்னாலிருந்து பெங் தாவ் தொண்டையைச் செருமிக்கொண்டு, அந்தக் குரலில், "அப்பா" என்றார்.

சென்யு எழுந்தான். நடந்து மரத்துக்குப் பின்னால் போனான், குழந்தை தூங்கும் அறையின் கதவைச் சாத்துகிறவனைப் போலத் தன் உள்ளங்கையை மெதுவாகப் பெங் தாவின் வாய்மேல் வைத்தான். அவர் கண்களைப் பார்த்துத் தலை தாழ்த்திவிட்டுத் திரும்பிவந்து மறுபடி மண்டியிட்டான்.

"ஒன்று," என்றான். "இரண்டு. மூன்று. நான்கு. ஐந்து. ஆறு. ஏழு."

கூட்டம் தலையைக் குனிந்துகொண்டது. இனி மறுபடி ஒன்று என்று எல்லோருக்கும் தெரியும். அவன் உடம்பு முழுவதும் ஒரு பாரத்தை நகர்த்துகிறவனைப் போல முன்னால் சாய்ந்தது.

"எட்டு," என்றான்.

குனிந்த தலைகள் நிமிர்ந்தன. ஒன்பது என்றான், பத்து என்றான், பதினொன்று என்றான். ஒவ்வொரு எண்ணையும், வழுக்குப் படியில் கால் வைப்பதைப் போல, உறுதியாக வைத்துவிட்டு அடுத்ததுக்குப் போனான். நூறு கடந்தது. நின்றவர்கள் புல்லில் உட்கார்ந்தார்கள். முந்நூற்று அறுபத்தைந்தில் அவன் ஒரு மூச்சு நின்றான், பிறகு தொடர்ந்தான்.

"என்னத்தை எண்ணுறான்?" என்று நியெ அக்கா மெதுவாகக் கேட்டாள்.

"பேசாம இரு," என்றாள் யூஷியா. அவளும் அப்போது தரையில் உட்கார்ந்திருந்தாள். அவள் உதடுகள் அவனோடு சேர்ந்து அசைந்துகொண்டிருந்தன.

எழுநூற்று முப்பதில் ஒரு மூச்சு நின்றான். அதற்குள் எல்லோருக்கும் புரிந்துவிட்டது. கல்லறைகளின் வேலை நின்றது, அடுத்த குன்றிலிருந்தவர்களும் மண்வெட்டியோடு வந்து ஓரமாக நின்றார்கள். ஆயிரத்தில் அவன் குரல் கரகரத்தது, ஆயிரத்து ஐந்நூறில் அது வெறும் மூச்சாகிவிட்டது, ஆனால் ஓர் எண்ணையும் விழுங்கவில்லை, ஓர் எண்ணையும் விரைவாகச் சொல்லவில்லை. தூறல் வந்தது, குடையோடு வந்தவர்களும் அதை விரிக்கவில்லை. தகப்பனின் அடக்க நாளிலிருந்து நேற்றுவரை, தான் வராத ஒவ்வொரு நாளையும், ஒன்றரை மணி நேரத்துக்கும் மேலாக, அவன் ஒவ்வொன்றாகத் தகப்பன் முன் வைத்தான்.

"இரண்டாயிரத்து நானூற்று எழுபத்தொன்பது," என்று சொல்லி நிறுத்தினான். நெற்றி மண்ணில் பட வணங்கினான்.



"இன்னும் ஒண்ணு இருக்கு," என்றாள் யூஷியா.

அவன் நிமிர்ந்து பார்த்தான்.

"நடுவுல ஒரு வருஷம் பிப்ரவரிக்கு இருபத்தொன்பது நாள். அதை நீ விட்டுட்டே. நான் விடலை."

அவன் கல்லறைப் பக்கம் திரும்பினான்.

"இரண்டாயிரத்து நானூற்று எண்பது," என்றான்.

யூஷியா தூக்குப் பாத்திரத்தைத் திறந்து நூடுல்ஸைக் கிண்ணத்தில் கொட்டி, கல்லறையின் முன்னால் வைத்தாள். இவ்வளவு நேரத்தில் அது ஊறித் தடித்துக் கஞ்சியாகியிருந்தது.

"குழைஞ்சு போச்சு," என்றாள் அவள், மகனிடமா கணவனிடமா என்று தெரியாதபடி. "பரவாயில்லை. கடைசிக் காலத்துல மெல்லுறதுக்குப் பல்லு எங்கே இருந்தது."

பிறகு தீப்பெட்டியை எடுத்து, நனையாமல் உள்ளங்கையால் மறைத்து, காகிதத்தை எரிக்கச் சொல்லி அவனிடம் நீட்டினாள்.